சக்கை வரட்டியும் குற்றமற்ற இன்பமும்



திருவனந்தபுரத்தினின்று பொன்முடி மலைக்கு ஏறும் வழியில், விதுராவுக்கு அப்பால் உள்ளது கல்லாறு என்னும் சிற்றூர். வாமனபுரம் ஆற்றுக்கு நீரூட்டும் ஆறும் அப்பெயரினதே. சென்ற பலாக் காலத்தில் ஆங்கு நம் உபாசிகை ஒருவர் இல்லத்தில் தங்கினோம். கொல்லைப் பலாவின் சுளைகளை உருளியிலிட்டுச் சக்கை வரட்டி கிளறுவது அவ்வம்மையாருக்குப் பேருவகை. ஆண்டுதோறும் அயலாருக்கு வழங்கி வந்தார். “ஐயா, இதனை விற்கத் தொடங்கினால் ஆசைக்கு அடிமையாவேனோ? மனமகிழ்ச்சிக்கென்றே செய்வது நலமன்றோ?” என்று வினவினார்.

பகவன் புத்தர் இல்லறத்தார்க்குப் பொருளீட்டலை விலக்கினாரில்லை. ஆயுதம், உயிர், ஊன், மது, நஞ்சு என்னும் ஐவகை வாணிபத்தையே விலக்கினார். அநாதபிண்டிகருக்கு நால்வகை இன்பங்களை விளக்கியருளினார்: நேரிய முயற்சியால் பொருளுடைமை, அதனைத் துய்த்தும் ஈந்தும் மகிழ்தல், கடனின்மை, குற்றமின்மை. முதல் மூன்றும் இறுதியதன் பதினாறில் ஒரு பங்குக்கும் ஈடாகா என்றார்.

ஆதலின் விற்கலாமா என்பதன்று வினா. உருளியை எப்பொழுது இறக்குவது என்பதே வினா. வெல்லமும் நெய்யும் சேர்ந்த விழுது, உருளியில் ஒட்டாது சுருண்டு வரும்வரை கிளறுதல் வேண்டும். சற்று முன்னரே இறக்கினால் நீர் நிற்கும், எடை மிகும், புட்டிகளும் பெருகும். ஆயின் சின்னாட்களில் பூஞ்சணம் பிடிக்கும். அதனை உண்பது வாங்கியவர் வீட்டுக் குழந்தை. நெய்யென்று சொல்லி வனஸ்பதி இடுவதும் அத்தகையதே. இரண்டாம் சீலமும் நான்காம் சீலமும் ஒரே கரண்டியில் கெடுகின்றன.

அம்மையாரின் கணக்கைப் பார்த்தோம். வெல்லம், நெய், புட்டி யாவும் இருந்தன. அடுப்படியில் அவர் நின்ற ஐந்து மணி நேரம் மட்டும் இல்லை. ஆலைச் சங்குக்கு எழுந்து பழகிய நமக்கு இது பொறுக்கவில்லை. ஆடவர் உழைப்புக்கு மணிக்கணக்கு, பெண்டிர் உழைப்புக்கு மகிழ்ச்சி என்னும் பெயரா? 1959இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத் தொழிலில், உருட்டும் பெண்களே பங்குடையோர்.

மற்றொன்றும் உண்டு. நம்மவர் கைபட்ட உணவைத் தீண்டாதிருந்த நாடு இது. 1917இல் செறாயியில் புலையரோடு சமபந்தி உணவு நடத்தியமைக்காகச் சகோதரன் அய்யப்பனைச் சொந்தச் சாதியாரே தள்ளிவைத்தனர். இன்று அவ்வளவில்லை என்பர். ஆயினும், தாம் அன்போடு கொடுத்த புட்டிகளுள் இரண்டு, மூடி திறவாமலே வேலியோரம் கிடந்ததை ஒருமுறை கண்டதாக அம்மையார் மெல்லிய குரலிற் சொன்னார். அதனை எங்களிடம் சொல்ல அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. அன்பளிப்பை முகத்துக்காகப் பெற்றுப் பின் எறிதல் எளிது. காசு கொடுத்து வாங்குபவனோ உண்ணவே வாங்குகிறான்.

அம்மையார் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்று, மலைக்குச் செல்வோர் இளைப்பாறும் தேநீர்க் கடை ஒன்றில் இருபது புட்டிகள் வைத்தார். ஒவ்வொன்றிலும் கிளறிய நாளை எழுதினார். பெயர் வேண்டாம் என்று முதலில் தயங்கியவர், பின்னர்த் தம் முழுப்பெயரையும் எழுதினார். பதினேழு விற்றன. எஞ்சிய மூன்றையும் கடைக்காரரே தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.