மாத்திரை வாங்கும் நாளில் ஊசி

2021 மார்ச் 1 அன்று கொரோனா தடுப்பூசியின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும், 45 முதல் 59 வயதுக்குள் இணைநோய் உள்ளவர்களுக்கும் ஊசி என்றார்கள். எவையெல்லாம் இணைநோய் என்று ஒன்றிய அரசு 20 இனங்களைக் கொண்ட பட்டியல் ஒன்றையும் வெளியிட்டது. இதயம், சிறுநீரகம், நீண்டகாலச் சர்க்கரை எல்லாம் அதில் இருந்தன. கடைசி இனத்தில் அறிவுசார் குறைபாடும் இருந்தது. மனச்சிதைவும் இருதுருவ மனநோயும் இல்லை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் நியூயார்க்கிலிருந்து ஓர் ஆய்வு வெளியாகியிருந்தது. ஒரே மருத்துவமனைக் குழுமத்தில் தொற்று உறுதியான 7,348 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. வயது, பாலினம், உடல்நோய்கள், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், மனச்சிதைவு உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. வயது ஒன்றுதான் அதைவிடப் பெரிய ஆபத்து. பிரிட்டன் கடும் மனநோய் உள்ளவர்களைத் தன் முன்னுரிமை வரிசையில் ஆறாவது குழுவில் சேர்த்தது. நம் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது சின்ன விஷயமல்ல.

இவர்களிடையே ஊசி குறைவாகப் போய்ச் சேருவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், 'அவங்க ஒத்துக்க மாட்டாங்க' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மறுப்பவர்கள் உண்டு. ஆனால் மறுக்கும் இடம் வரைக்கும்கூட வந்து சேராதவர்களே என் கவலை.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். முன்புறத்து முகப்பும் பட்டாலையும் பூட்டிக் கிடக்க, உள்ளே இரண்டாம் கட்டில் எழுபது வயதுத் தாயும் நாற்பது வயது மகனும். மகனுக்கு இருபது வயதிலிருந்து மாத்திரை ஓடுகிறது. அவரிடம் செல்போன் இல்லை. ஊசிப் பதிவுக்கான ஓடிபி வந்தால் வெளியூர் அண்ணனுக்குத்தான் வரும். ஆதார் அட்டை எங்கோ ஒரு பெட்டியில். முகாமுக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்கார வேண்டும். தாய்க்கு முழங்கால் வலி. அத்தனையும் தாண்டி மேசைக்கு வந்துவிட்டாலும் சிஸ்டர் தாயைப் பார்த்தே கேட்பார்:

"இவருக்கு மாத்திரை ஏதும் ஓடுதாம்மா?"

வரிசையில் பின்னால் தெருக்காரர்கள் நிற்கிறார்கள். குடும்பத்தில் ஒரு பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள்.

"இல்ல சிஸ்டர், ஒண்ணும் இல்ல."

கேள்வி மகனிடம் போகவே இல்லை. அவர் சாப்பிடும் மருந்தும் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

அடையாள அட்டை இல்லாதவர்களுக்காக 2021 மே மாதம் ஒன்றிய சுகாதார அமைச்சகம் தனி நடைமுறை கொண்டுவந்தது. சிறைவாசிகள், முதியோர் இல்லத்தார், சாலையோரம் வாழ்பவர்களோடு மனநலக் காப்பகங்களில் இருப்பவர்களும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டார்கள். அப்படியும் வேலை மெதுவாக நடந்ததால், அந்தக் காப்பகங்களில் எல்லோருக்கும் ஊசி போட வேண்டும் என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்த வேண்டியிருந்தது. காப்பகம் என்றால் ஒரு வாசல், ஒரு பதிவேடு, ஒரு பொறுப்பாளர். உத்தரவு போட்டால் போய்ச் சேரும். நம் இரண்டாம் கட்டு மகனுக்கு அப்படி ஒரு பதிவேடு ஏது?

இன்னொரு தடையும் இருந்தது. அந்த மே மாதமே கோவிஷீல்டு இரண்டாம் ஊசிக்கான இடைவெளி 12 முதல் 16 வாரமாக நீண்டது. மாத்திரையை வேளை தவறாமல் போட வைப்பதே போராட்டமாக இருக்கும் வீட்டில், மூன்று மாதம் கழித்து ஒரு தேதியை யார் நினைவில் வைப்பது? அதற்குள் நோயாளியை ஏர்வாடி தர்காவுக்கோ குணசீலம் கோயிலுக்கோ வேண்டுதலுக்காகக் கூட்டிப்போய்த் தங்கியிருக்கலாம்.

பயத்தையும் ஒதுக்க முடியாது. நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டு, 2021 ஏப்ரல் 17 அன்று மாரடைப்பில் இறந்தபோது தமிழ்நாடே தயங்கியது. அந்த மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்று நிபுணர் குழு பிறகு சொன்னது. மனநோயாளியின் பயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கும்: நாலு பேர் கையைக் காலைப் பிடித்துக்கொள்ள ஊசி குத்தப்பட்ட அனுபவம். அதே ஆள், தெரிந்த நர்ஸ் முன்னால் மாதாமாதம் தானே சட்டைக் கையை மடித்துக்கொண்டு மனநோய்க்கான மாச ஊசி போட்டுக்கொள்வதும் நடக்கிறது. யார் போடுகிறார், எங்கே போடுகிறார், முன்கூட்டிச் சொன்னாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகவே மனநலப் பிரிவில் மாத்திரை வாங்க வரும் நாளிலேயே, அதே இடத்தில், தடுப்பூசியும் இருக்க வேண்டும் என்பேன். நோயாளியின் நோட்டு அங்கே இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை, துணைக்கு வந்தவருக்கு இன்னொரு நாள் கூலி போகாது. 1985 வரை நம் காரைக்குடியோடு ஒரே மாவட்டமாக இருந்த ராமநாதபுரத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்தில் சங்கிலியோடு கருகிய மனநோயாளிகளை நாடு பார்த்தது. பிற்பாடு அதே ஏர்வாடியில், தர்காவுக்கு வேண்டுதலோடு வருபவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்கும் ஏற்பாடு வந்தது. மக்கள் இருக்கும் இடத்துக்கு மருந்து போவது நமக்குப் புதிதல்ல.

கொரோனா ஓய்ந்துவிட்டதே என்று விட முடியாது. குளோசபின் சாப்பிடுபவர்களுக்கு நிமோனியா ஆபத்து கூடுதல். கடும் தொற்றுக் காய்ச்சலில் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி, மயக்கமும் தள்ளாட்டமும் வரலாம். ஃப்ளூ, நிமோகாக்கல் ஊசிகளைப் பற்றி அவர்களிடம் பேச வேண்டும். ஆனால் அரசின் தடுப்பூசி அட்டவணை பெரும்பாலும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் சுற்றியே இருக்கிறது.

பேசும்போது அவரிடமே பேச வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனநோய் உள்ளவருக்கும் அது பொருந்தும். அவர் இன்று வேண்டாம் என்றால் அடுத்த மாதம் மறுபடி கேட்கலாம்.

மாத்திரை நாளில் ஊசி என்பது மாத்திரை வாங்குபவர்களுக்கு மட்டுமே உதவும். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி கடும் மனநோய் உள்ளவர்களில் 73.6 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே இல்லை. அவர்களுக்கு வழி எதிர்த்திசையில் வர வேண்டும். 2021 நவம்பரில் வீடுவீடாகத் தடுப்பூசி கொண்டுபோன சுகாதாரப் பணியாளர்கள், எந்த வீட்டில் யார் அறையைவிட்டு வெளியே வருவதில்லை என்பதையும் பார்த்திருப்பார்கள். அந்தத் தகவல் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் போய்ச் சேர அவர்கள் கைத்தாளில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்தால் போதும்.