நிலம் தராமல் விட்டது

கோப்பையில் ஊற்றியதும் நிறத்தைத்தான் முதலில் பார்த்தேன். சிவப்பு ஒயினுக்கு வயதாக வயதாக நிறம் வெளுக்கும். வெள்ளை ஒயினுக்கு நேர்மாறு, ஏறிக்கொண்டே போகும். இது 2002ஆம் ஆண்டு பறித்த திராட்சை. இருபது வருடத்துக்கு மேல் நிலவறை இருட்டில் படுத்துக் கிடந்துவிட்டு, துலக்கிச் சில நாளான குத்துவிளக்கின் நிறத்தோடு வெளியே வந்திருந்தது.

இடம், ஷப்லி. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் வடகோடியில் இருக்கிற சின்ன ஊர். பர்கண்டி ஒயினுக்குத் தலைநகர் மாதிரியான போன் நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, உறவில் ஒதுங்கிய பங்காளி போலத் தனியாகக் கிடக்கிறது. ஊரை ஒட்டி செரேன் என்றொரு ஆறு. அமைதியானது என்று பொருள், பெயருக்கேற்ற ஆறுதான். இரு கரையிலும் குன்றுகள், குன்றுச் சரிவுகளில் ஷார்டனே என்ற ஒரே வகைத் திராட்சை. வேறு வகையில் செய்துவிட்டு ஷப்லி என்று எழுதி ஒட்ட அங்கே சட்டம் விடாது. ‘ஒயின் ஷாப்’ என்ற பலகைக்குப் பின்னால் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்ற ஊரிலிருந்து போனவனுக்கு இந்தக் கண்டிப்பே ஒரு காட்சி.

என் முன்னால் இரண்டு கோப்பைகள். ஒரே ஆண்டு, ஒரே திராட்சை, ஒரே குடும்பத்தார் செய்தது. இரண்டும் மரவாடை படாமல் எஃகுத் தொட்டியில் நொதித்தவை. ஒன்று ஆற்றின் வலக்கரையில் லே க்ளோ என்ற சரிவில் விளைந்தது. மற்றது இடக்கரையில் மோன்மேன் என்ற சரிவில் விளைந்தது. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம்.

மூக்கருகே கொண்டுபோனால் பழம் என்று சொல்ல எதுவுமில்லை. ஷப்லியை இளசாகக் குடித்தவர்களுக்குத் தெரியும்: பச்சை ஆப்பிள், எலுமிச்சை, உதட்டைச் சுண்டும் புளிப்பு. அந்தப் பழவாசனையைத் தரும் எஸ்டர்கள் வருடங்கள் போகப் போகச் சிதைந்துவிடும். கார்க் வழியே இம்மியளவாய் நுழையும் காற்று மிச்ச வேலையைப் பார்க்கும். இப்போது கோப்பையில் இருந்தது தேன்மெழுகு, ஹேசல்நட், காய்ந்த காளான், கொஞ்சம் நனைந்த கம்பளி. கம்பளி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். மழையில் நனைந்த இடையர் வீட்டுக்குள் வந்தால் கூடவே வருமே, அந்த உயிருள்ள வாடை.

லே க்ளோ வாயை நிறைத்தது. விழுங்கிய பிறகும் உப்புப் போன்ற ஏதோ ஒன்று நாக்கின் ஓரத்தில் வெகுநேரம் நின்றது. மோன்மேன் ஒல்லி. நூல் பிடித்த மாதிரி நேராக உள்ளே போய், எலுமிச்சைத் தோலின் மெல்லிய கசப்பில் முடிந்தது. அண்ணன் தம்பி என்று தெரிகிறது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்றால் நம்ப முடியவில்லை.

“சிப்பி தெரிகிறது” என்றேன், படித்துவைத்ததைக் காட்டிக்கொள்ளும் அவசரத்தில். ஊற்றிக் கொடுத்த முதியவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

நான் உளறியதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடல். அந்தக் கடலின் அடி இன்று சுண்ணாம்பும் களியும் கலந்த சாம்பல் நிற மண்ணாகச் சரிவுகளில் கிடக்கிறது. கிளறினால் நகத்தளவு சிப்பிகள், கால்புள்ளி போல வளைந்து, கல்லாய் இறுகி. எக்ஸோகைரா விர்குலா என்று பெயர். பாறைக்குக் கிம்மரிட்ஜியன் என்று பெயர்; அது இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள கிம்மரிட்ஜ் கிராமத்திலிருந்து வந்தது. இந்தச் சிப்பிக்கு ஷப்லியில் கிடைக்கும் மரியாதை குலதெய்வத்துக்குக்கூடக் கிடைக்காது. 1970களில், இந்தப் பாறை இல்லாத நிலத்துக்கும் ஷப்லி என்ற பெயரைத் தரலாமா என்று ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. எல்லையை விரிக்க வேண்டும் என்றவர்கள் பக்கம்தான் கடைசியில் காற்று அடித்தது.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அன்று காலை லே க்ளோ சரிவில் ஏறி, யாரும் பார்க்காத நேரத்தில் சிப்பி பதிந்த கல் ஒன்றை எடுத்து நக்கிப் பார்த்திருந்தேன். குளிர்ச்சியைத் தவிர ஒரு சுவையும் இல்லை. அப்படியும் மாலையில் சிப்பி தெரிகிறது என்றேன். படிப்பு நாக்கை எவ்வளவு சுலபமாக ஏமாற்றுகிறது!

கல்லின் சுவை கோப்பைக்கு வராது என்பதைப் புவியியலாளர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். வேல்ஸில் பேராசிரியராக இருந்த அலெக்ஸ் மால்ட்மன் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். வேர் கல்லைத் தின்பதில்லை. நீரில் கரைந்த பொட்டாசியம், கால்சியம் போன்றவற்றைத் தன் தேவைக்கு எடுத்துக்கொள்கிறது. கடைசியில் ஒயினில் தங்கும் தாதுக்கள் மிகச் சொற்பம். அவற்றில் பெரும்பாலானவற்றை நாக்கால் கண்டுகொள்ள முடியாது. யோசித்தால், நாம் மண்வாசனை என்று உருகுவதும் இப்படித்தான். முதல் மழையில் எழும் அந்த வாசத்தில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற பொருள். அதைச் செய்வது மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். வெறும் மண்ணுக்கு வாசனை இல்லை.

அப்படியானால் இரண்டு கோப்பைகளும் ஏன் ஒன்றாக இல்லை?

நிலம் எதைக் கொடுத்தது என்றே தேடிக்கொண்டிருந்தேன். எதைத் தராமல் விட்டது என்று பார்த்திருந்தால் சீக்கிரம் விளங்கியிருக்கும். லே க்ளோ தென்மேற்கு பார்த்த சரிவு. பிற்பகல் வெயில் முழுவதும் அதற்கு. மோன்மேன் தென்கிழக்கு பார்த்தது. காலை வெயிலோடு சரி. ஷார்டனே அங்கே மெதுவாகவே பழுக்கும், சர்க்கரை குறைவாகச் சேரும், புளிப்பு கரையாமல் நிற்கும். குன்றின் உச்சிக்குப் போனால் கடினமான வேறு சுண்ணாம்புக்கல், வெட்டவெளிக் காற்று. அங்கே விளைவது ‘பெத்தி ஷப்லி’, சின்ன ஷப்லி. அதை எடுத்துவைக்காமல் சீக்கிரம் குடித்துவிட வேண்டும். அடிவாரத்திலோ குளிர்ந்த காற்று இறங்கித் தேங்கும். ஆகவே நல்ல நிலம் நடுச்சரிவில். களி கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, சுண்ணாம்பு மிச்சத்தை வடித்துவிடுகிறது. கொடி சாகாமலும் கொழுக்காமலும் அரைவயிற்றோடு வளர்கிறது.

இதை யாரும் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கவில்லை. 1114இல் பக்கத்துப் பொந்தின்யியில் மடம் கட்டிய சிஸ்டெர்சியன் துறவிகள் அந்த நூற்றாண்டிலேயே இங்கே கொடி வளர்க்க வந்துவிட்டார்கள். எந்தச் சரிவில் பனி சீக்கிரம் உருகுகிறது, எந்தத் துண்டு நிலத்தின் ஒயின் அடுத்த கோடைவரை கெடாமல் நிற்கிறது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துத்தான் நிலத்துக்குப் பெயர் வந்தது. இன்று உச்சத் தகுதியான ‘கிரான் க்ரூ’ பெற்றவை ஏழே துண்டுகள்: ப்ளான்ஷோ, பூக்ரோ, லே க்ளோ, க்ரெனூய், ப்ரூஸ், வல்மூர், வோதெசிர். ஏழும் ஒரே குன்றில், ஒன்றையொன்று ஒட்டி, மொத்தம் ஏறத்தாழ 100 ஹெக்டேர். க்ரெனூய் என்றால் தவளைகள். ஆற்றுக்கு அத்தனை பக்கம்.

முதியவர் மூன்றாவதாக ஒரு பாட்டிலைத் திறந்தார். அதே லே க்ளோ, ஆண்டு 2003. ஐரோப்பாவையே வறுத்தெடுத்த கோடை அது. பர்கண்டியில் ஆகஸ்ட் மாதமே திராட்சை பறித்தார்கள். அந்த வருடம் கொடிக்கு வெயில் பஞ்சமே இல்லை. அள்ளிக் கொடுத்த வருடம். இளமையில் அது எல்லோரையும் மயக்கியிருக்கும், சந்தேகமில்லை. இப்போது நிறம் பழுப்பில் இறங்கியிருந்தது. வாயில் வெந்த ஆப்பிளின் தித்திப்பு, அதற்குப் பின்னால் முதுகெலும்பு போல நிமிர்த்திப் பிடிக்க எதுவுமில்லை. ஒரு வயது இளையது, தன் அண்ணனுக்கு அப்பா மாதிரி உட்கார்ந்திருந்தது.

அங்கேதான் எனக்குச் சங்கதி உறைத்தது. வெள்ளை ஒயினைக் காலத்தில் நிறுத்திவைப்பதில் அந்தப் புளிப்புக்குத்தான் பெரும்பங்கு. அந்தப் புளிப்பு, சூரியன் கொடுக்காமல் விட்ட பாக்கி. குளிரும் வறிய மண்ணும் மறுத்த மறுப்புதான் இருபது வருடம் கழித்துக் கோப்பையில் உயிராக நிற்கிறது. இளமையில் பழம் பேசும், செய்தவரின் கைவண்ணம் பேசும். அவை ஓய்ந்த பிறகுதான் சரிவுக்கும் சரிவுக்கும் உள்ள வேறுபாடு காதில் விழுகிறது. மனிதர்களுக்கும் இதையே நீட்டிப் பேசலாம்தான். ஆனால் பற்றாக்குறையைப் புகழ்வது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. கொடியிலேயே எல்லாக் குறையும் வரமாகிவிடுவதில்லை.

2016இலும் 2021இலும் ஏப்ரல் மாத உறைபனி இந்தச் சரிவுகளில் தளிரைக் கருக்கியது. கருகிய தளிருக்குப் பாடம் எதுவும் கிடைக்காது. அந்த இரவுகளில் தோட்டக்காரர்கள் கொடி வரிசைகளுக்கிடையே நெருப்புச் சட்டி வைக்கிறார்கள். சிலர் மொட்டுகள்மேல் விடிய விடியத் தண்ணீர் தெளிக்கிறார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் மொட்டைப் பூஜ்யத்துக்குக் கீழே போகவிடாமல் காக்கும். காலையில் ஒவ்வொரு மொட்டும் பனிக்கட்டிக்குள், கண்ணாடிக்குள் வைத்த மாதிரி, பச்சையாக இருக்கும். தெளிப்பதை நடுவில் நிறுத்தினால் போச்சு.

பர்கண்டியில் பெயர் பெற்ற ஒவ்வொரு துண்டு நிலத்தையும் ‘க்ளிமா’ என்கிறார்கள். அன்றாடப் பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குத் தட்பவெப்பம் என்று பொருள். நிலத்துக்கும் வானத்துக்கும் ஒரே சொல். முதலில் அழகான தற்செயல் என்று நினைத்தேன். கிளம்பும்போது அது பயமுறுத்தியது. முன்பெல்லாம் செப்டம்பர் கடைசியில், அக்டோபரில் நடந்த அறுவடை இப்போது செப்டம்பர் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. சில வருடம் ஆகஸ்ட் கடைசிக்கே. சிப்பிகள் கிடந்த இடத்தில் கிடக்கின்றன. சரிவு சரிந்த கோணம் மாறவில்லை. இறுக்கிப் பிடித்திருந்த கை மட்டும் தளர்கிறது. லே க்ளோ என்று பாட்டிலில் எழுதுவார்கள். சட்டப்படி அது சரியாகவும் இருக்கும். அந்தச் சொல்லின் ஒரு பாதி நகர்ந்துபோன பிறகு மிச்சம் இருப்பதை அதே பெயரில் கூப்பிடலாமா என்று முதியவரிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, மோன்மேனை எனக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். இருட்டியபின் நாங்கள் எழுந்தபோது அந்த பாட்டில் காலி. 2003 முக்கால்வாசி அப்படியே இருந்தது.