பிறந்தநாளுக்கு ஊர் உண்டா?

பிறந்தநாள் என்பது மனிதனைச் சேர்ந்ததா, இடத்தைச் சேர்ந்ததா என்னும் வினா முதற்பார்வைக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயினும் ஊரை விட்டு அயலிடத்தில் அந்நாளைக் கழிக்க நேர்ந்தவர்களுள் சிலர் ஏதோ ஒன்று குறைவதாக உணர்வதும், வேறு சிலர் அக்குறையையே விடுதலையாக உணர்வதும், அவ்வினாவுக்குள் சமயமும் தத்துவமும் சார்ந்த ஒரு முடிச்சு கிடப்பதைக் காட்டுகின்றன. அம்முடிச்சைச் சடங்கிலும் கவிதையிலும் விவாதத்திலுமாக நானூறு ஆண்டுகளுக்கு மேல் விடாமல் தொட்டுக்கொண்டிருந்தவர்கள் பண்டைய ரோமர்கள். அவர்களுக்குப் பிறந்தநாள் குடும்பக் களிப்பு மட்டுமன்று, ஒரு வழிபாடு.

அவ்வழிபாட்டுக்குரிய தெய்வத்தின் பெயர் 'கேனியுஸ்'. ஒவ்வோர் ஆணோடும் கூடவே தோன்றி, அவனைக் காத்து, அவன் வாழ்நாள் முழுதும் உடனிருப்பதாகக் கருதப்பட்ட தனித்தெய்வம் அது. பெண்ணுக்கு அவ்விடத்தில் அவளுடைய 'யூனோ' நின்றது. கி.பி. 238இல் கென்சொரீனுஸ் என்னும் இலக்கண அறிஞர் தம் புரவலரின் பிறந்தநாளுக்குப் பரிசாக, பிறந்தநாளைப் பற்றியே ஒரு நூல் எழுதிக் கொடுத்தார். கேனியுஸ் தாயின் கருவறையிலிருந்து கடைசி நாள்வரை ஒரு கணமும் மனிதனை விட்டு அகலாது என்பது அந்நூல் தரும் விளக்கம். அவருக்கு இரண்டரை நூற்றாண்டு முந்திய ஹோரஸ் என்னும் கவிஞரோ, அத்தெய்வம் அந்தந்த மனிதனோடு சாகவும் கூடியது என்றே கருதினார். தெய்வம் என்ற பெயரோடு மரணத்தையும் ஏற்கும் இவ்விந்தைக் கருத்தில் ஒரு நேர்மை இருப்பதை மறுக்க இயலாது.

இத்தெய்வத்துக்கு வெள்ளாடை உடுத்து, மதுவும் நறும்புகையும் 'லீபும்' என்ற தேன் கலந்த அப்பமும் படைத்தார்கள். இரத்தப் பலி இடுவதில்லை. தான் உயிர் பெற்ற நாளில் இன்னோர் உயிரைப் பறிப்பது தகாது என்பதே காரணம் என்று பழைய அறிஞர் வார்ரோவை மேற்கோள் காட்டி கென்சொரீனுஸ் எழுதுகிறார். தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் வேறொன்று நினைவுக்கு வருவது இயல்பு: தொல்காப்பியம் புறத்திணையியலில் பெருமங்கலம் என்று குறிக்கும் அரசனின் பிறந்தநாள், அவன் செற்றத்தை, அதாவது தீராப் பகையை, நீக்கியிருக்க வேண்டிய நாள், அன்று வெண்ணிற அணி பூணுவதால் அதற்கு வெள்ளணி என்ற பெயரும் உண்டு. இரு மரபுகளுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. பிறப்பை நினைக்கும்போது கொல்லும் கை கூசுவது, எவரிடமும் கடன் வாங்காமலே தோன்றக்கூடிய உணர்வுதான்.

கேனியுஸ் மனிதனோடு நடக்கும் தெய்வம் என்றால், பிறந்தநாளையும் எங்கும் கொண்டாடலாம் என்பதே தருக்கப்படி வரும் முடிவு. ஆனால் அதே ரோமர்கள் இடங்களுக்கும் கேனியுஸ் உண்டென்று நம்பி, பலிபீடத்தருகே நெளியும் பாம்பாக அதைச் சுவர்களில் தீட்டினார்கள். அயலூரில் பிறந்தநாள் கொண்டாடுபவன், ஆகவே, தன்னோடு வந்த தெய்வத்துக்கு வேறொரு தெய்வத்தின் வீட்டில் படையல் வைக்கிறான்.

நகரத்துக் கோடையில் இச்சிக்கல் இன்னும் கூர்மை பெற்றது. வசதி படைத்தவர்கள் கோடை முற்றியதும் ரோமை விட்டுக் கடற்கரைக்கும் மலையடிவாரப் பண்ணைகளுக்கும் போய்விடுவது வழக்கம். வெறும் வெப்பத்துக்கு அஞ்சி அவர்கள் போகவில்லை. கோடைக் கடைசியில் மலேரியாக் காய்ச்சல் நகரில் பலரைக் கொண்டுபோயிற்று. ஐந்தே நாளில் திரும்புவதாகச் சொல்லிப் போன ஹோரஸ், ஆகஸ்ட் மாதம் முழுவதும் வராமலிருந்துவிட்டு, அத்திப்பழம் கனியும் வெயிற்காலம் பிணம் தூக்குவோரின் காலம் என்னும் பொருள்பட மேசெனாஸ் என்ற தம் புரவலருக்குக் கவிதையில் சமாதானம் எழுதினார். நகரில் எஞ்சியவர்கள் போக இடமில்லாத எளியவர்களும் அடிமைகளும்தாம் என்றாலும், அவர்களுடைய கோடையைத் துயரம் மட்டுமே நிறைந்ததாக எண்ணிவிடலாகாது. ஜூன் 24இல் ஃபோர்ஸ் ஃபோர்த்தூனா என்னும் நற்பேற்றுத் தேவியின் விழாவுக்கு அவர்கள் மாலை சூட்டிய படகுகளில் மது அருந்திக்கொண்டே டைபர் ஆற்றில் சென்றார்கள், நீர்க்கடவுளுக்குரிய ஜூலை 23இல் இலைதழைகளால் பந்தல் வேய்ந்து அதன் நிழலில் கூடினார்கள், கி.மு. 19இல் அக்ரிப்பா கொண்டுவந்த 'கன்னி நீர்' என்ற கால்வாயின் குளிர்ந்த தண்ணீர் நகரின் நடுவே ஓடிற்று.

கோடை விழா நாட்களுள் ஆகஸ்ட் 13 தனியாக நோக்கத்தக்கது. ரோமர் வழக்கில் ஒரு கோயில் தெய்வத்துக்கு அர்ப்பணிக்கப்பட்ட நாள் அக்கோயிலின் பிறந்தநாள் எனப்பட்டது. அவென்டைன் குன்றின்மேல் இருந்த டயானா கோயிலின் பிறந்தநாள் அந்த ஆகஸ்ட் 13. அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்தவன் என்று மரபு கூறும் செர்வியுஸ் துல்லியுஸ் என்னும் அரசன் அக்கோயிலைக் கட்டியதால், அன்று அடிமைகளுக்கு விடுமுறை. போரில் பிடிபட்டோ சந்தையில் விலைபோயோ வந்து சேர்ந்து, தன் பிறந்த ஊரையும் நாளையும் இழந்துவிட்ட ஒருவனுக்கு, ஒரு கோயிலின் பிறந்தநாள் தன்னுடையதும் ஆயிற்று. நாள் ஆளைச் சேர்ந்ததா இடத்தைச் சேர்ந்ததா என்ற வினாவுக்கு, அறிஞர் எவரும் எழுதிவைக்காத மூன்றாவது விடை இங்கே தெரிகிறது: நாளை இரவலாகவும் பெறலாம்.

எழுதிவைத்தவர்களுள் மிகக் கூர்மையானவர், சுல்பீசியா என்னும் இளம்பெண். கி.மு. முதல் நூற்றாண்டின் கடைப்பகுதியில் வாழ்ந்த இவர், மெசல்லா என்ற பெருந்தலைவரின் உறவுக்காரப் பெண். இவருடைய சில சிறு கவிதைகள் திபுல்லுஸ் என்ற கவிஞரின் தொகுப்புக்குள் ஒதுங்கி இன்றுவரை பிழைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், மெசல்லா தன்னை அர்ரேத்தியும் பகுதியின் நாட்டுப்புறத்துக்கும் குளிர்ந்த ஆற்றங்கரைக்கும் அழைத்துப் போகத் திட்டமிடுவதால், பிறந்தநாளைத் தான் விரும்பும் கெரிந்துஸ் இல்லாமல் கழிக்க நேர்கிறதே என்று நொந்துகொள்கிறார். நகரத்தைவிட இனியது ஏதென்று கேட்கிறார். உடல்தான் வண்டியேறும், உள்ளம் இங்கேயே தங்கிவிடும் என்கிறார். அடுத்த கவிதையில் பயணம் கைவிடப்பட்டு, பிறந்தநாள் ரோமிலேயே என்ற களிப்பு. நகரத்தின் இனிமை என்று அவர் சொல்வதில் தூணும் மண்டபமும் இல்லை. ஓர் ஆள் இருக்கிறான். இடத்தின் தெய்வம் என்று ரோமர்கள் வரைந்த பாம்பு, பெரும்பாலும் இப்படி மனித முகம் கொண்டதாகவே இருந்திருக்க வேண்டும்.

பயணம் கைவிடப்படாதவரின் குரல் ஓவிட்டுடையது. அகுஸ்துஸ் பேரரசரின் சினத்தால் கி.பி. 8இல் கருங்கடல் கரையிலுள்ள தோமிஸுக்கு, இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சாவுக்கு, அனுப்பப்பட்ட அக்கவிஞர், அங்கே தம் பிறந்தநாள் வந்தபோது அந்நாளையே முன்னிலைப்படுத்தி, இங்கே உனக்கு என்ன வேலை என்று கடிந்தார். வெள்ளாடையும் அப்பமும் எதிர்பார்க்காதே, சாவுச் சடங்குக்குரிய பீடமே இங்கே பொருந்தும் என்றார். ஓவிட்டின் துயரத்தில் ஓரளவு நடிப்பு உண்டென்று சொல்லும் திறனாய்வாளர்களை மறுக்க வேண்டியதில்லை. நடிப்பாயினும் அவர் தேர்ந்த வாதம் கவனத்துக்குரியது. கேனியுஸ் எங்கும் உடன்வரும் என்ற ஆறுதலை அவர் குற்றச்சாட்டாக மாற்றிவிடுகிறார்: உடன்வரும் தெய்வம், வரக்கூடாத இடத்துக்கும் தப்பாமல் வந்து சேர்கிறது.

பேரரசின் மறுகோடியில் வேறொரு பெண் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. வடபிரிட்டனில், ஹேட்ரியன் சுவர் எழுவதற்கு முன், கி.பி. 100ஐ ஒட்டி, படைத்தலைவர் ஒருவரின் மனைவியான கிளாடியா செவேரா, விண்டொலாண்டா கோட்டையில் இருந்த தம் தோழி லெப்பிடீனாவுக்கு, செப்டம்பர் 11ஆம் நாள் தம் பிறந்தநாளுக்கு வருமாறு மெல்லிய மரத்தகட்டில் மடல் விடுத்தார். அழைப்பை எழுத்தர் ஒருவர் எழுத, இறுதியில் அன்பு விசாரிப்பை செவேரா தம் கையாலேயே சேர்த்திருக்கிறார். ஒரு பெண்ணின் கையெழுத்தில் கிடைத்துள்ள மிகப் பழைய இலத்தீன் வரிகளுள் அவை சேரும். நீ வந்தால் நாள் இன்னும் இனிதாகும் என்பதே அழைப்பின் சாரம். ஓவிட் தெய்வத்தோடு வழக்காடினார், செவேரா ஆளனுப்பினார்.

இடத்தையோ ஆளையோ பொறுத்து நாள் இனிதாகும் என்பதை மெய்யியலாளர்கள் ஏற்கமாட்டார்கள். ஸ்தோயிக்கர் எனப்படும் மரபினர், அறம் ஒன்றே நன்மை, ஏனையவை புறத்தே நிற்பவை என்று கற்பித்ததால், அவர்களுக்கு இடமும் புறப்பொருளே. கி.பி. 41 முதல் 49 வரை கோர்சிகாத் தீவில் நாடுகடத்தப்பட்டிருந்த செனெக்கா, எங்கு சென்றாலும் இயற்கையும் தன் அறமும் உடன்வருகின்றன என்று தாய் ஹெல்வியாவுக்கு ஆறுதல் எழுதினார். அதே தீவிலிருந்து, தம்மைத் திரும்ப அழைக்கும் செல்வாக்குள்ள பொலிபியுஸ் என்னும் அரண்மனை அலுவலரைப் புகழ்ந்தும் எழுதினார். முதுமையில் ரோமின் கனத்த காற்றையும் புகையும் அடுப்படிகளின் நாற்றத்தையும் விட்டுத் தம் பண்ணைக்குப் போனதும் உடல் தேறிவிட்டதாக ஒரு மடலில் மகிழ்ந்தவர், அதே மடலின் பிற்பகுதியில் இடமாற்றத்தால் பயனில்லை என்று வாதிடுகிறார். இதைப் போலித்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. உடலுக்கு ஊர் உண்டு, உள்ளத்துக்கு இல்லை என்ற பிரிவினை ஒரே மடலின் அளவுக்குக்கூட நிலைத்து நிற்பதில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வதே பொருத்தம்.

கிறித்தவம் பரவியபோது பிறந்தநாளே ஐயத்துக்குள்ளாயிற்று. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் என்ற இறையியலாளர், மறைநூலில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும்தான், புனிதர் எவரும் இல்லை என்று சுட்டினார். திருச்சபை பிறந்தநாளைக் குறிக்கும் அதே இலத்தீன் சொல்லை, மறைசாட்சிகள் கொல்லப்பட்ட நாளுக்கு வழங்கலாயிற்று. மெய்யான பிறப்பு மறுமையில் என்றால், இவ்வுலகில் எல்லாருமே அயலூரில் இருப்பவர்களாகிறார்கள். நகரில் பிறந்தநாளா வெளியூரில் பிறந்தநாளா என்ற கேள்விக்கு அங்கே பொருளே இல்லை.

ஆயினும் அத்திருச்சபையின் பேராசான் ஒருவர் தம் பிறந்தநாளைக் கொண்டாடினார். அதுவும் நகரத்துக் கோடை ஒன்றைக் கழித்த கையோடு, வெளியூரில். வட ஆப்பிரிக்கத் தகாஸ்தேயில் பிறந்த அகுஸ்தீன், மிலான் நகரில் சொற்கலை ஆசிரியராக இருந்தார். 386ஆம் ஆண்டுக் கோடையில் அவருக்கு நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், குரல் தளர்ச்சி; அக்கோடையில்தான் ஒரு தோட்டத்தில் அவர் மனமாற்றம் நிகழ்ந்தது. உடனே பதவியைத் துறந்து பரபரப்பு ஏற்படுத்தாமல், திராட்சை அறுவடை விடுமுறைக்கு எஞ்சியிருந்த இருபது நாட்களையும் வகுப்பெடுத்தே கழித்தார் என்பது அவர் இயல்பைக் காட்டும் சிறு செய்தி. பிறகு நண்பர் ஒருவர் தந்த காசிசியாகும் என்னும் நாட்டுப்புற வீட்டுக்குத் தாய் மோனிக்கா, மகன், உடன்பிறந்தான், உறவினர், மாணவர் ஆகியோருடன் சென்றார். அங்கே நவம்பர் 13 அன்று அவருக்கு 32 வயது நிறைந்தது. அறிவு மந்தமாகாதபடி எளிய பகலுணவு உண்டபின், அனைவரும் குளியலறைக் கூடத்தில் அமர்ந்து, மூன்று நாள் பேசினார்கள். பேச்சின் பொருள், இன்பமான வாழ்வு எது என்பது. அதுவே அவருடைய 'இன்பவாழ்வு' என்னும் நூலாயிற்று.

உடலுக்கு உணவு போல உள்ளத்துக்கும் உணவு வேண்டும் என்று தொடங்கி, விருந்தின் முடிவில் பரிமாறும் தேன் பண்டமாக அவர் ஒரு வாதத்தை வைக்க, மண்ணீரல் நோயால் இனிப்பை ஒதுக்கும் உடன்பிறந்தான் நவீகியுஸ் அதைச் சாக்கிட்டு வேடிக்கை பேசுகிறான். கேனியுஸுக்குப் படைத்த தேனப்பம் இங்கே சொல்லாக மாறிவிட்டது. வாதத்தின் நடு இதுதான்: இழந்துவிடுவோம் என்ற அச்சம் உள்ளவன் இன்பமுடையவன் அல்லன், ஆகவே இழக்கமுடியாததை உடையவனே இன்பமுடையவன். எல்லாச் சுகங்களும் பெற்ற பழைய செல்வர் ஓராட்டாவை எடுத்துக்காட்டி, அவருக்கு என்ன குறை என்று அகுஸ்தீன் கேட்க, இழப்பை அஞ்சாதிருந்தாலும் அவருக்கு ஞானம் குறைந்திருந்ததே என்கிறார் மோனிக்கா. நூல்களில் தேடி எடுத்துத் தாம் கடைசியில் சொல்ல வைத்திருந்ததைத் தாய் முந்திக்கொண்டதாக மகன் வியக்கிறார்.

இழக்கக்கூடிய எதுவும் இன்பமாகாது என்றால், நகரமும் கோடையும் தோழமையும் கணக்கில் வாரா. ஆனால் அம்முடிவை எட்டுவதற்கே ஒரு பிறந்தநாளும், உடன் அமர்ந்த ஏழெட்டுப் பேரும், நகைச்சுவை பேசும் ஒரு நோயாளியும், மகனை முந்தும் ஒரு தாயும் தேவைப்பட்டார்கள் என்பதை வாதம் கண்டுகொள்வதில்லை; நூலின் நடை கண்டுகொண்டிருக்கிறது. அகுஸ்தீனின் தருக்கத்தைவிட அவர் தீட்டிய காட்சி உண்மைக்கு அருகில் நிற்கிறது என்று கொள்வதில் பிழையில்லை.

மோனிக்கா நெடுங்காலமாகத் தகாஸ்தேயில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்ற விருப்பத்தோடு இருந்தவர். மறு ஆண்டு, 387இல், ஆப்பிரிக்கா திரும்பும் வழியில் ரோமின் துறைமுகமான ஒஸ்தியாவில் அவர் நோயுற்றார். நாட்டிலிருந்து இவ்வளவு தொலைவில் உடலை விட்டுச் செல்ல அச்சமில்லையா என்று நண்பர்கள் கேட்டபோது, இறைவனுக்கு எதுவும் தொலைவில்லை என்றும், இவ்வுடலை எங்கு வேண்டுமானாலும் புதைத்துவிடுங்கள் என்றும் கூறித் தம் 56ஆம் வயதில் இறந்தார். தம்மை இறைவனின் பலிபீடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. 1945ஆம் ஆண்டுக் கோடையில், ஒஸ்தியாவின் தேவாலயம் ஒன்றை அடுத்த முற்றத்தில் சிறுவர் இருவர் பந்து விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழி தோண்டியபோது, அவருடைய கல்லறைப் பாடல் பொறித்த சலவைக்கல்லின் ஒரு துண்டு வெளிப்பட்டது.