கடல்மேல் குடித்தனம்

"உங்களுக்கு வீடு எங்கே?" என்று அந்த அம்மையாரைக் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான், கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

அம்மையாருக்கு வயது எண்பத்திரண்டு. மடியில் கம்பளி நூல், கையில் இரண்டு ஊசி. என் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு, ஒரு வரிசையைப் பின்னி முடித்த பிறகு, "நாலாவது தளம், நடுப்பாகம், வலது கை வரிசை" என்றார்.

அது கப்பலில் அவர் இருந்த அறையின் விலாசம்.

நான் அந்தக் கப்பலில் இருந்ததே ஒரு விபத்து. என் மைத்துனன் அதில் கணக்குப் பிரிவில் அதிகாரி. அவனுடைய குடும்பத்தார் என்ற முறையில் குறைந்த கட்டணத்துக்கு எங்களுக்கு இடம் கிடைத்தது. உலகத்தைச் சுற்றிவரும் கப்பல்களில் முழுச் சுற்றுக்கும் டிக்கெட் வாங்கலாம். துண்டு துண்டாகவும் வாங்கலாம். எங்கள் துண்டு சிங்கப்பூரிலிருந்து கொழும்பு, கொச்சி, மும்பை வழியாகத் துபாய் வரை. 2019 மார்ச் மாதம். என் மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே இருவரும் பெரும்பாலும் நாற்காலியில் சாய்ந்து பிற மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கதை எழுதுகிறவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

உல்லாசத்துக்காக உலகத்தைச் சுற்றும் வழக்கம் புதிதல்ல. 1922 நவம்பரில் 'லகோனியா' என்ற கப்பல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 1923 மார்ச்சில் திரும்பியது. அதிலிருந்து தொடங்கிய சம்பிரதாயம் இது. அம்மையாருக்கு அது பதினோராவது சுற்று. ஒவ்வொரு ஜனவரியிலும் இங்கிலாந்தில் ஏறுகிறார்; வசந்தத்தில் இறங்குகிறார். நடுவே உள்ள மாதங்களை ஒரு சின்ன வாடகை வீட்டில், ரயிலுக்குக் காத்திருப்பவரைப்போல, கழிக்கிறார்.

பதினொரு தடவை சுற்றியவருக்கு விருப்பு வெறுப்புக்கள் உறுதிப்பட்டுவிடுகின்றன. மேல்தளத்து அறைகளுக்குத்தான் விலை அதிகம், காட்சியும் அதிகம். அம்மையார் அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தாழ்ந்த தளம், கப்பலின் நடுப்பாகம். அதுதான் அவர் கேட்பது. நம் ஊர் பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுடைய தலை கூரையில் இடிக்கிறது, நடுவில் உட்கார்ந்தவன் குறட்டை விடுகிறான் அல்லவா? கப்பலிலும் அதே நியாயந்தான். மேலே சமையற்கட்டோ நடனசாலையோ இருக்கக் கூடாது. சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மாதங்களில் மேற்கே போகிற கப்பலில் வலப்புறம் நிழல். குளிர்சாதனம் வந்த பிறகு அதற்கு அர்த்தமில்லை என்று தெரிந்தும் வலப்புறந்தான் வேண்டும் என்பார்.

துறைமுகம் வந்தால் மற்றவர்கள் முதல் பஸ்ஸைப் பிடிக்க முண்டியடிப்பார்கள். இவர் இறங்கவே மாட்டார். "எல்லோரும் இறங்கிய பிறகு இந்தக் கப்பல் எவ்வளவு அமைதியாக இருக்கும், தெரியுமா? அன்றைக்குத்தான் இது என் வீடு" என்பார். கொச்சியில் நான் சீன வலைகளைப் பார்த்துவிட்டு வியர்த்து வடிந்துகொண்டு திரும்பியபோது, அவர் அதே நாற்காலியில் அதே கம்பளியைப் பின்னிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம்கூட வந்தது. உலகத்தைச் சுற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு உலகத்தைப் பார்க்க மறுப்பதா? யாத்திரை என்றால் போய்ச் சேர ஓர் இடம் இருக்க வேண்டும் என்று பழகிய ஜாதி நாம்.

ஆனால் அவருடைய ஆசைகளில் ஒன்று என்னை மயக்கிவிட்டது. கிழக்கே போகிற கப்பலில் அவர் ஏறுவதில்லை. மேற்கே போகிற கப்பல்தான். சிங்கப்பூர்க் கடிகாரத்துக்கும் கொழும்புக் கடிகாரத்துக்கும் இரண்டரை மணி வித்தியாசம். மேற்கே போகிறவனுக்கு அந்த இரண்டரை மணியையும் கப்பல் கடிகாரத்தைப் பின்னால் தள்ளித் தள்ளி இனாமாகக் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுக்கிற நாளுக்கு இருபத்தைந்து மணி. கிழக்கே போகிறவனிடமிருந்தோ ஒவ்வொரு மணியாகத் தூக்கத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். உலகத்தை மேற்கே ஒரு சுற்றுச் சுற்றினால் இருபத்துநாலு மணி இனாம் சேர்கிறது. ஆனால் பசிபிக் சமுத்திரத்தின் நடுவே தேதிக் கோட்டைத் தாண்டும்போது, கொடுத்ததும் கொடுக்கப் போவதும் சேர்த்து ஒரு முழு நாள் ஒரே அடியாகக் கணக்கிலிருந்து போய்விடுகிறது.

மகெல்லனோடு 1519-இல் போன பிகாபெட்டா என்ற இத்தாலியர் மாலுமி அல்ல. உலகத்தைப் பார்க்கும் ஆசையால் சேர்ந்தவர். நாள் தவறாமல் குறிப்பு எழுதிவந்தார். மகெல்லன் 1521-இல் பிலிப்பைன்ஸ் தீவில் மாண்டார். 1522 ஜூலையில் மிச்சமிருந்தவர்கள் கேப் வெர்டே தீவுக்கு வந்தபோது, பிகாபெட்டாவின் குறிப்பில் புதன்கிழமை, கரையில் வியாழக்கிழமை. அவருக்குத் திகைப்புத் தாங்கவில்லை. ஸ்பெயினுக்கு அந்தக் கப்பலில் வந்து சேர்ந்தவர்கள் 18 பேர். அவர் அவர்களில் ஒருவர்.

இதை அம்மையாரிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு சொன்னார்: "என் மகன் செவ்வாய்க்கிழமைதோறும் கூப்பிடுவான். பிப்ரவரியில் தேதிக் கோட்டைத் தாண்டிய வாரம் எனக்குச் செவ்வாய்க்கிழமையே இல்லை. ஆனால் அவனுக்கு இருந்தது. இருந்தும் கூப்பிடவில்லை."

அதைத் தொடர்ந்துதான் அறைப் பையனைப் பற்றிய பேச்சு வந்தது. பையன் என்றால் வயது நாற்பதை நெருங்குகிறவன். ஹோட்டலில் நரைத்த மீசைக்காரரையும் நாம் 'பையன்' என்பதில்லையா? ஜாவாத் தீவுக்காரன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அறைக்கு வருவான். மற்றப் பிரயாணிகளுக்குத் துவாலையை யானையாகவும் குரங்காகவும் மடித்துப் படுக்கைமேல் வைப்பான். அது வேண்டாமென்று முதல் வாரமே அம்மையார் சொல்லிவிட்டாராம். அந்த நேரத்தில் அவன் சற்று மூச்சுவிடலாம் என்று. மூன்று வருஷமாக அவனே அந்த நடையில் இருக்கும்படி கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அவன் எனக்குப் பிள்ளை மாதிரி" என்றார். "போன மாதம் நான் லேசாக நொண்டினேன். டாக்டர் கவனிப்பதற்கு முன் அவன் கவனித்தான். படுக்கை விரிப்பதற்குத்தான் பணம் கொடுக்கிறேன். கவனித்ததற்கு யார் பணம் கொடுத்தார்கள்?"

இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கூலி வாங்கிக்கொண்டு காட்டுகிற அன்பு அன்பாகுமா? வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு விருந்தோம்புகிறவனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அன்று மாலை வரை என் தீர்ப்பு இதுதான்: பாவம், பெற்ற பிள்ளையிடம் கிடைக்காததைப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு, வாங்கியது என்பதை மறந்துவிட்டார்.

மைத்துனன் என்னைக் கீழே அழைத்துப் போனான். பிரயாணிகள் கண்ணில் படாமல் கப்பலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடுகிறது ஒரு நீண்ட நடை. மேலே கம்பளமும் பூச்சாடியும். இங்கே இரும்பும் குழாய்களும். தள்ளுவண்டிகள் கடகடத்துக்கொண்டு போகின்றன. ஏறக்குறைய இரண்டு பிரயாணிக்கு ஒரு சிப்பந்தி வீதம் இவ்வளவு பேரும் இங்கேதான் உண்டு உறங்குகிறார்கள். கப்பல் தொழிலாளருக்காக 2006-இல் செய்து 2013-இல் அமலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு வேலை 72 மணிக்கு மேல் கூடாது, அல்லது ஓய்வு 77 மணிக்குக் குறையக் கூடாது; இரண்டில் எந்த அளவு என்பதை அந்தந்த நாடு தீர்மானித்துக்கொள்ளலாம். வாரத்தின் 168 மணியிலிருந்து 77-ஐக் கழித்துப் பார்த்தேன். 91 வந்தது. கணக்குப் பிரிவு அதிகாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜாவாக்காரன் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். எனக்கு எங்கிருந்துதான் அந்த அசட்டுத் துணிச்சல் வந்ததோ! "அந்த அம்மையார்மேல் உனக்கு நிஜமாகவே பிரியமா?" என்று கேட்டேன்.

அவன் யோசித்துத்தான் பதில் சொன்னான். "எனக்குப் பதினாறு அறைகள். பதினைந்து அறைகளில் நான் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் என்னைப் பற்றிச் சீட்டில் எழுதிவிடுவார்கள். அவருடைய அறையில் மட்டும் சிரிக்க வேண்டியதில்லை. களைப்பாக இருந்தால் களைப்பாகவே இருக்கலாம். என் மகளுடைய பரீட்சையைப் பற்றி விசாரிப்பார். நல்லவர்."

பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளை மாதிரி என்று என்னிடமும் சொல்லியிருக்கிறார்" என்றான். "ஆனால் ஐயா, எனக்கு அவர் அம்மா மாதிரி இல்லை. என் அம்மா ஊரில் இருக்கிறாள். அவளைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது."

அதில் கசப்பு இல்லை. ஒரு விவரத்தைத் திருத்துகிறவனுடைய குரல்தான். மேலே வந்த பிறகு அம்மையாரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லாதது தர்மமா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியாது.

என்னுடைய தாயாரும் ஊரில்தான் இருக்கிறார், கும்பகோணத்தில். நான் இல்லாத இந்த நாட்களில் மட்டுமல்ல, நாலு வருஷமாகவே அவரைப் பார்த்துக்கொள்வது நான் சம்பளம் கொடுக்கும் ஒரு பெண். அதைப் பற்றி நான் வெட்கப்பட்டதில்லை. நல்ல ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று பெருமைகூடப் பட்டிருக்கிறேன். கொச்சியில் கரை இறங்கியதும் வீட்டுக்குப் பேசினேன். அந்தப் பெண்தான் எடுத்தாள். "அம்மா நல்லா இருக்காங்கண்ணே. போனை இடது காதுலே வைக்கிறேன், பேசுங்க. வலது காது ஆறு மாசமா மந்தம்" என்றாள். ஆறு மாதத்தில் நான் இரண்டு தடவை ஊருக்குப் போய், அம்மாவின் வலப்பக்கம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறேன். சரி, சரி என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கவனித்ததற்கு யார் பணம் கொடுத்தார்கள்? நான் கொடுக்கவில்லை. சமைப்பதற்கும் குளிப்பாட்டுவதற்குந்தான் கொடுக்கிறேன். காதைப் பற்றி எங்கள் பேச்சில் வரவில்லை. என் தாயாரும் அவளைப் 'பெண் மாதிரி' என்றுதான் சொல்கிறார். அவளைக் கேட்டால் என்ன சொல்லுவாளோ? அவளுக்கும் ஒரு தாயார் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கப்பல்காரனிடம் மட்டும் கேட்க வந்துவிட்டது!

துபாயில் எங்கள் துண்டு முடிந்தது. அம்மையார் அன்று, ஆச்சரியம், அதிகாலையிலேயே மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தார். ரஷீத் துறைமுகத்தில் 'குயீன் எலிசபெத் 2' கட்டப்பட்டிருந்தது. 1969-இல் ஓடத் தொடங்கி 2008-இல் ஓய்வு பெற்ற கப்பல். பத்து வருஷம் சும்மா கிடந்து, 2018-இல் ஹோட்டலாகத் திறந்திருந்தார்கள். அம்மையார் கணவரோடு முதல் முதல் உலகம் சுற்றியது அதில்தான்.

"ஓர் அமெரிக்க விதவை இதிலேயே குடியிருந்தாள்" என்றார். "2000-இலிருந்து, கப்பலை நிறுத்துகிற வரையில். எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசுவோம். கப்பலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அவளுக்கு வீடு போய்விட்டது."

"உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே?"

"வேண்டாம். அசையாத கப்பலில் எனக்குத் தூக்கம் வராது" என்றார். சற்றுப் பொறுத்து, அவராகவே, "அந்தப் பையன் என் பிள்ளை இல்லை என்று எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் இரண்டு நாளாக என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறீர்கள்" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. "என் பிள்ளைக்கு நான் என்ன செய்தேனோ, அதற்கெல்லாம் அவன் கடன்பட்டவன், அதனால் என்னைப் பார்க்கவே பயப்படுகிறான். இவனுக்கு என்னிடம் கடன் ஒன்றும் இல்லை. மே மாதம் கணக்குத் தீர்த்துவிடுவேன். அதனால் நாங்கள் நிம்மதியாகப் பேசிக்கொள்ள முடிகிறது."

இது சரியான வாதமா, தனிமைக்குப் போர்த்திய கம்பளியா? இரண்டுமாக இருக்கலாம். கதையாக இருந்தால் நான் ஒரு பக்கம் சாய்ந்திருப்பேன்.

2020 ஜனவரியில் அவர் பன்னிரண்டாவது தடவை ஏறினார். மார்ச்சில் கொரோனா வந்து துறைமுகங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஆஸ்திரேலியாவில் பிரயாணிகளை இறக்கி விமானத்தில் அனுப்பிவிட்டார்கள். சிப்பந்திகளை எந்த நாடும் எளிதில் இறங்கவிடவில்லை. மே மாதம் மணிலா விரிகுடாவில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட உல்லாசக் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நின்றன. என் மைத்துனனின் கப்பலும் அவற்றில் ஒன்று. அவன் ஜூன் கடைசியில்தான் வீடு வந்து சேர்ந்தான்.

தொற்று பரவாமலிருக்கச் சிப்பந்திகளைப் பிரயாணிகளின் அறைகளில் தனித்தனியாக வைத்தார்களாம். ஜாவாக்காரனுக்கும் ஜன்னல் வைத்த அறை கிடைத்தது. சாப்பாடு கதவடியில் வந்தது. அவன் தினம் காலையில் எழுந்து, படுக்கையை விரித்து, குளியலறையைத் துடைத்து, பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பானாம்.

ஏப்ரலில் அம்மையாரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. வாடகை வீட்டில் இருப்பதைப் பற்றி ஒரு வரி. மகன் இப்போது தினம் கூப்பிடுகிறான் என்று ஒரு வரி. மிச்சமெல்லாம் ஒரே விசாரணை: அந்தப் பையன் இறங்கிவிட்டானா, அவன் மகள் பரீட்சையில் தேறிவிட்டாளா?

மைத்துனன் மூலம் விசாரித்தேன். அவன் இன்னும் இறங்கவில்லை. இந்தோனேஷியாவில் அந்த வருஷம் தேசியப் பரீட்சையையே ரத்து செய்துவிட்டார்கள். இரண்டையும் அப்படியே எழுதி அனுப்பினேன்.