கொஞ்சம் உள்ளே வாங்க

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பெயர் ‘ஆச்சி வீடு’. 47 பேர் இருக்கிறோம். திருநெல்வேலியில் பாதிப் பேர். மீதிப் பேர் சென்னை, பெங்களூரு, மஸ்கட், டொரண்டோ என்று சிதறிக் கிடக்கிறோம். ஆச்சி காலமான அன்று யாரோ அவள் படத்தைக் குழுவின் டிபியாக வைத்தார்கள். மூக்குத்தி மின்ன, பாதிச் சிரிப்போடு இருக்கிற படம். பிறந்தநாள் வாழ்த்தும் பரீட்சை முடிவும் ரயில் டிக்கெட்டும் பதினான்கு மாதமாக அந்த முகத்தின் கீழேதான் வந்து சேர்ந்தன.

வருஷத் திவசம் முடிந்தது. தையில் சித்தி மகளுக்குக் கல்யாணம். பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள். “ஏட்டி, நீதானே அட்மின்? பத்திரிகையப் போடுறதுக்கு முன்னாடி டிபிய மாத்திரு. அம்மா படம் சாமி ரூமுல இருக்கு, தெனமும் விளக்கேத்துதோம். வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு சொல்லுத வேலைய அவ முடிச்சாச்சு.”

இரண்டு நிமிஷ வேலை என்றுதான் நினைத்தேன். பதினோரு நாள் ஆயிற்று.

குழுவின் படத்தை அட்மின்தான் மாற்ற வேண்டும் என்றில்லை. அட்மின் தடுத்து வைக்காதவரை உறுப்பினர் யாரும் மாற்றலாம். ஆனால் மாற்றியவுடன் இன்னார் படத்தை மாற்றினார் என்று பேருடன் ஒரு வரி எல்லாருடைய கைபேசியிலும் விழும். அதனால்தான் அத்தனை மாதமும் ஒருவர் கையும் அதில் படவில்லை. ஆச்சியை எடுத்தது யார் என்று அந்த வரி சொல்லிவிடும். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருந்தது. ஆச்சி இருந்த இடத்தில் எதை வைப்பது?

முதலில் நினைவுக்கு வந்தது சாஸ்தா கோயில். எங்கள் பக்கத்தில் குடும்பங்களுக்கென்று ஒரு சாஸ்தா உண்டு. எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அவரைத் தேடிப் போய்ப் பொங்கலிட்டு வருவார்கள். மாமாக்கள் இருவரும் பிள்ளைகளோடு ஆலமரத்தடியில் நிற்கிற அழகான படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். சாஸ்தா தகப்பன் வழியில் வருகிறவர். கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாஸ்தாதான் சாஸ்தா. ஆச்சிக்கு நான்கு மகள்கள். அவர்களும் மருமகன்களும் பேரன் பேத்திகளுமாகக் குழுவில் பாதிக்கு மேல் வேறு வேறு சாஸ்தாக்களைக் கும்பிடுகிறவர்கள். மகள் வயிற்றுப் பேத்தியான எனக்கும் அந்த ஆலமரம் அம்மா பிறந்த வீட்டு மரந்தான். என் தம்பி மனைவி பாளையங்கோட்டைப் பெண். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவள். அந்தப் படத்தை வைத்தால் இத்தனை பேரும் சொந்தக் குழுவில் விருந்தாளி ஆவோம்.

அடுத்தது வீடு. தார்சாவும் பட்டாசலும் வைத்த பழைய வீடு. குழுவின் பெயரே அந்த வீடுதான், இதைவிடப் பொருத்தம் எது என்று தோன்றியது. ஆனால் அந்த வீட்டைக் கடனுக்காக 2011-ல் விற்றபோது அதிகம் நொறுங்கியவர் சின்ன மாமா. கடன் அவருடையது. குழுவைத் திறக்கும்போதெல்லாம் அந்த முன்வாசல் அவர் கண்ணில் படும். நமக்கு நினைவாக இருப்பது அவருக்குத் தீர்ப்பாக இருக்கும்.

மூன்றாவதாகப் பெரியம்மாவின் கல்யாணப் படம். 1974. கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்துக் குரூப் போட்டோவுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு நாற்காலி, குழந்தைகளுக்குத் தரையில் ஜமுக்காளம், இளசுகள் பின்வரிசையில் நிற்க வேண்டும். தூரத்துச் சொந்தமும் வசதி குறைந்தவர்களும் இரு ஓரங்களிலும் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒரு குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு இடம் என்று அறிய வேறு ஆவணமே வேண்டாம். ஆச்சி, தாத்தா, பிள்ளைகள், மாப்பிள்ளை வீட்டார் என்று எல்லாரும் இருக்கிற படம் எங்களிடம் அது ஒன்றுதான். இதுதான் என்று முடிவு செய்து, பதிவேற்றி, வட்டத்துக்குள் பொருத்தப் பார்த்தேன்.

அந்த வட்டம் எதை எடுக்கிறது என்று அப்போதுதான் கவனித்தேன். மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் அகலமான படத்தைச் சதுரமாக்கும்போதே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்தச் சதுரம் பட்டியலில் வட்டமாகத் தெரியும்போது நான்கு மூலைகளும் மறைந்து, மிஞ்சியதில் இன்னும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஒளிந்துகொள்கிறது. கடைசியில் கண்ணுக்குத் தெரிவது முழுப் படத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூட. நாற்காலிக்காரர்கள் அப்படியே இருந்தார்கள். போனவர்கள் எல்லாரும் ஓரத்தில் நின்றவர்கள்.

இடது ஓரத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு அம்மாள் நின்றிருந்தாள். யாரென்று பெரியம்மாவைக் கேட்டேன். தாத்தாவின் அக்கா. பதினேழு வயதில் தாலியறுத்தவள். இந்த வீட்டு ஆறு பிள்ளைகளையும் இடுப்பில் சுமந்தவள். நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று அந்தக் காலம் அவளுக்கு விதித்திருந்ததால், மணவறைப் பக்கமே வராமல் தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். வெளியூரிலிருந்து வந்திருந்த போட்டோக்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, “தூண் பக்கம் நிக்குற அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க” என்றாராம். யாரும் பேசவில்லை. ஆச்சிதான் திரும்பிப் பார்த்து, “கூப்பிடுதாருல்லா, வாங்க மதினி” என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

“அத்தை இருக்குற படம் அது ஒண்ணுதான்” என்றாள் பெரியம்மா.

அன்று அப்படிக் கையைப் பிடித்து உள்ளே இழுக்கப்பட்டவளை, ஐம்பது வருஷம் கழித்து நான் ஒரு விரலால் வெளியே தள்ளப் பார்த்தேன். தெரியாமல்தான். எல்லா வெளியேற்றமும் பெரும்பாலும் அப்படித் தெரியாமல்தான் நடக்கிறது. நடுவில் இருப்பவரைப் பார்த்து நாம் கட்டம் போடுகிறோம். ஓரம் தானாகவே அறுந்து விழுகிறது. பள்ளித் தோழிகளின் குழுவிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூ பிரிவு உபசாரத்தில் எடுத்த வகுப்புப் படம்தான் அங்கே டிபி. பத்தாவதோடு படிப்பை நிறுத்த வேண்டி வந்த மூன்று பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் அந்தப் படத்தில் இல்லை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் எங்களுக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள்.

இந்தப் பதினோரு நாளில் ஒரு நாள் தம்பி மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் உனக்கு மனதில் நிற்கிற படம் எது என்று கேட்டேன். அவள் படத்தைச் சொல்லவில்லை, ஒரு பேச்சைச் சொன்னாள். “கல்யாணமாகி வந்த மறுநாள் அடுப்படியில சும்மா நின்னுட்டிருந்தேன் மதினி. ஆச்சி தேங்காய் துருவிக்கிட்டே, ‘நாம சொதிக்கு மூணு தடவை பாலெடுப்போம், முதப் பால் கடைசியிலதான் ஊத்தணும்’னாங்க. நாங்கன்னு சொல்லல, நாமன்னாங்க. நான் இந்த வீட்டுக்கு வந்தது அப்பத்தான்.”

ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல். தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் இரண்டு. ‘நாங்கள் கோயிலுக்குப் போகிறோம்’ என்றால் கேட்டுக்கொண்டிருப்பவர் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். ‘நாம் போகிறோம்’ என்றால் அவரும் செருப்பை மாட்டிக்கொள்ளலாம். எதிரே இருப்பவரையும் தன்னோடு கூட்டிக்கொண்டு பேசுவதை நம் இலக்கண உரைகாரர்கள் உளப்படுத்துதல் என்றார்கள். இலக்கண வகுப்பில் அது எனக்கு ஒரு விதியாக மட்டுமே இருந்தது. ஆச்சி அடுப்படியில் நின்று செய்ததும், போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து வெளியே வந்து செய்ததும் அதே உளப்படுத்துதல்தான் என்று இப்போது தெரிகிறது.

வீட்டுச் சுவரில் மாட்டுகிற படம் வருகிற விருந்தாளியிடம் ‘இவர்கள்தான் நாங்கள்’ என்று சொல்கிறது. அது அதற்கு ஏற்ற வேலை. குழுவின் படம் அப்படியல்ல. அதை அன்றாடம் பார்க்கிற ஒவ்வொருவரும் குழுவுக்குள் இருப்பவர்தான். அங்கே ‘நாங்கள்’ என்று ஒரு படம் பேசினால், கேட்கிற நாற்பத்தேழு பேரில் யாரோ ஒருவரைப் பார்த்து ‘நீ இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அது ‘நாம்’ என்று பேச வேண்டும்.

அப்படி ஒரு படம் என் கைபேசியிலேயே இருந்தது. 2019-ல் தம்பியின் மறுவீட்டுச் சாப்பாட்டன்று எடுத்தது. எங்கள் ஊரில் மறுவீடென்றால் சொதிதான். இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும் கூட வரும். படத்தில் சாப்பாடு கூட இல்லை. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஆட்கள் வந்து உட்காருவதற்கு முன்னால் எடுத்திருந்தேன். பச்சையாக ஒரு நீளப் பந்தி. அதை வட்டத்துக்குள் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டது. ஆனால் யாரும் வெளியே போகவில்லை. வெட்டுப்பட்ட இடத்துக்கு அப்பாலும் இலைகள் இருக்கின்றன என்று பார்த்தவுடன் தெரிந்தது.

இந்த முறை நடுவிலிருந்து தொடங்கவில்லை. முதலில் சின்ன மாமாவுக்கு அனுப்பிக் கேட்டேன். பிறகு தம்பி மனைவிக்கு. பிறகு குழுவில் எதுவுமே எழுதாத மஸ்கட் அத்தானுக்கு. கடைசியாகத்தான் பெரியம்மாவுக்கு. மாமா வெகுநேரம் கழித்துப் பதில் போட்டார். ‘அன்னைக்கு நாந்தான் இலை போட்டேன்.’ எனக்கு அது தெரியாது. படத்தில் இல்லாத ஒருவர் அந்தப் படம் முழுக்க இருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் படத்தை மாற்றினேன். என் பேரோடு அந்த வரி விழுந்தது. யாரும் வருத்தப்படவில்லை. 1974-ஆம் வருஷத்துப் படத்தை வெட்டாமல், முழுதாக, குழுவுக்குள் அனுப்பினேன். ஓரத்தில் நிற்பது யார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பெரியம்மா ஏழு நிமிஷம் குரலில் பதில் சொன்னாள். பதினாறு வயதுப் பேத்தி ஒருத்தி அவள் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டாள்.

ஒரு கூட்டம் எப்படிப்பட்டது என்பதை அதன் நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது காட்டுவதில்லை என்று இப்போது நம்புகிறேன். நடு இடம் எப்படியும் நிரம்பிவிடும். ஓரத்தைப் பார்த்து யாராவது ஒருவர் குரல் கொடுத்தாரா, கொடுத்த குரலுக்கு யாராவது ஒருவர் கை நீட்டினாரா என்பதுதான் அதைக் காட்டுகிறது. வீட்டுக்கும் அதுதான், ஊருக்கும் அதுதான். ‘நாம்’ என்பது ஏற்கெனவே இருக்கிற ஒன்றல்ல. ஒவ்வொரு முறையும் ஒருவரை உள்ளே அழைக்கும்போது அது புதிதாக உண்டாகிறது. அழைப்பதை நிறுத்திய அன்றே சுருங்கத் தொடங்குகிறது. படம் பிடிக்கிறவருக்கும் படம் வைக்கிறவருக்கும் அதனால் ஒரே கடமை: பொத்தானை அழுத்துமுன் இரண்டு ஓரங்களையும் ஒரு தடவை பார்ப்பது.

நேற்றுக் கல்யாண மாப்பிள்ளையைக் குழுவில் சேர்த்தேன். 48-ஆவது ஆள். ‘எல்லாருக்கும் வணக்கம்’ என்று தயங்கித் தயங்கி ஒரு வரி போட்டிருந்தார். இலைப் பந்தியின் கீழே அந்த வரி தனியாக நின்றது. எனக்குத் தூணோரம் நின்ற வெள்ளைச் சேலை நினைவுக்கு வந்தது. உடனே எழுதினேன்: ‘கொஞ்சம் உள்ள வாங்க. நாம சொதி சாப்பிட இன்னும் இருபது நாள்தான் இருக்கு.’