வாயிற்படியில் தங்கிய உயிர்

மாலைத் திருப்பலி முடிந்தபின் ஓர் இளைஞர் நம் அறைக்கு வந்தார். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பணிபுரிபவர். 1983-இல் அந்நிலையம் இயங்கத் தொடங்கியது முதல், எதையும் அளந்து பேசுவோர் இவ்வூரில் மிகுதி. அவரும் அளந்தே பேசினார். மனைவி கருவுற்று ஏழு வாரம். வலியில்லை, உதிரப்போக்கு மட்டும். ஸ்கேனில் கருப்பை வெறுமையாயிருக்க, கரு அதன் கழுத்துப் பகுதியில் ஒட்டியிருந்தது. “ஊசி போட்டுக் கரைக்கவேண்டும் என்கிறார்கள், ஃபாதர். அது பாவமா?”

இது மிக அரிய நிலை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் கருப்பையின் தசை சுருங்கி இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். கழுத்திலோ அத்தகைய தசை குறைவு. ஆகவே உதிரம் எளிதில் நிற்பதில்லை. கலைந்து இறங்கும் கரு என்று தவறாக எண்ணிச் சுரண்டிய இடங்களில் வெள்ளமாய்ப் பெருகி, கருப்பையையே அகற்றித் தாயைக் காத்த காலம் உண்டு. இன்று ஸ்கேன் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது: கலைந்த கரு நகரும், அதற்கு இரத்த ஓட்டம் இராது, வேர்கொண்ட கரு நகராது.

குருமடத்தில் நாம் கற்றது கருக்குழாயில் தங்கும் கருவைப் பற்றியே. முதிராக் கருவை அங்கிருந்து எடுப்பதை 1902-இல் திருப்பீடம் மறுத்தது. 1933-இல் பௌஸ்கரன் என்னும் இயேசு சபைக் குரு, சிதைவுறும் குழாயை அகற்றுவது வேறு, கருவை நேரடியாகக் கொல்வது வேறு என வாதிட்டார். அறநெறி அறிஞர் பலரும் அதை ஏற்றனர். ஆனால் குழாய்கள் இரண்டு, கருப்பை ஒன்றே. பழைய விடையை அப்படியே இங்குப் பொருத்தினால், அப்பெண் இனி என்றுமே தாயாக இயலாது.

மெத்தோட்ரெக்சேட் என்னும் அந்த மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் வழிநடத்திய ஆய்வுகளிலிருந்து 1940-களில் பிறந்தது. விரைந்து பெருகும் செல்களைத் தடுப்பது. அது கருவையே தாக்குகிறது என்பர் ஒருசாரார். கழுத்தை அரித்து ஊடுருவும் நஞ்சுக்கொடித் திசுவைத்தான் தடுக்கிறது என்பர் மறுசாரார். அத்திசுவும் கருவினுடையதே அல்லவா என்ற கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிட இயலாது. திருச்சபை இதில் இறுதித் தீர்ப்பு வழங்கவில்லை.

ஆயினும் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. கருப்பையை எடுத்தாலும் ஊசி போட்டாலும் கரு பிழைப்பதில்லை. அப்படியிருக்க, நம் கைகள் தூய்மையாய் இருப்பதற்கான விலையை அவளது உடல் ஏன் செலுத்தவேண்டும்? புனித ஜான்னாவை எடுத்துக்காட்டுவோர் உளர். 1962-இல் அவர் உயிர் துறந்தபோது அவருடைய மகள் வாழ்ந்தார். இங்கே தாய் மடிந்தால் மகவும் உடன் மடியும்.

“பாவமன்று, காலம் தாழ்த்தாதீர்கள். திருக்கழுக்குன்றம் வழியே செங்கல்பட்டு முப்பது கிலோமீட்டர்தான், இரத்தம் கொடுக்க ஆள்களையும் அழைத்துச் செல்லுங்கள்” என்றோம். எழுந்தவர் வாசலில் நின்று, அந்தக் குழந்தைக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா என்று கேட்டார். மறுநாள் காலைத் திருப்பலியை அதற்கே ஒப்புக்கொடுத்தோம்.