வித்தை வரமாகுமா?

செயற்கரிய வித்தையைக் கண்டு வியக்கும்போது, உண்மையில் நாம் எதனைப் போற்றுகிறோம்?

2019ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில், 13 வயதுச் சென்னைப் பாலகர் லிடியன் நாதஸ்வரம் பியானோவில் ‘வண்டின் பறப்பு’ வாசித்தார். அது ருஷ்ய இசைப்புலவர் ரிம்ஸ்கி-கோர்சகோவ், 1900இல் அரங்கேறிய தம் இசைநாடகத்திற்காகப் பல்லியத்திற்கு அமைத்த உருப்படி. பின்னர் பியானோவுக்கு மாற்றப்பட்டது. பல கருவிகளின் வேலையைப் பத்து விரல்களே சுமக்க வேண்டும். அதனை நிமிஷத்திற்கு 208 தாள அடி வேகத்தில் வாசித்தவர், அடுத்து 325க்கு ஏற்றினார். 10 லட்சம் டாலர் பரிசும் பெற்றார்.

அக்காட்சியைக் கண்ட பந்திங் அன்பர்கள் பலரும் ‘தெய்வ வரம்’ என்றனர். இச்சொல் புகழ்ச்சி போல் தோன்றினும், ஏ. ஆர். ரகுமான் நிறுவிய இசைப்பள்ளியில் அவர் பெற்ற போதனையையும், இடைவிடாது செய்த சாதகத்தையும் ஒருங்கே மறைத்துவிடுகிறது. அன்றியும், ‘நம் பிள்ளைக்கு வரமில்லை’ என்று நாம் கைகழுவவும் இடந்தருகிறது.

பால்மரம் சீவிய நம் முன்னோர் இவ்வுண்மையைக் கையாலறிந்தவர்கள். கத்தி ஆழ்ந்தால் மரம் புண்படும். மேலோடினால் பால் குறையும். அந்த அளவு வரத்தால் வந்ததன்று; பழகிப் பழகி வந்தது. அக்கைகளுக்கோ எந்த அரங்கும் கைதட்டியதில்லை.

வேகம் மட்டும் கலையாகாது என்பர். மெய்யே. ஆயினும் அவ்வேகத்தினுள் உறைந்திருக்கும் உழைப்பு போற்றத்தக்கதன்றோ? ஆதலின், வியப்போடு நில்லாது, ஆசானும் கருவியும் ஓய்வுநேரமும் தோட்டத்துப் பிள்ளைக்கும் கிடைக்கச் செய்வோமாக. வித்தைக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.